தண்ணீர் தேறும் வரை

"தண்ணி என்னிக்குத் தேறுதோ, அன்னிக்குப் பல்லை எடுத்துக்கலாம்."

இதை முதலில் சொன்னது மீன்கடைக்காரரா, பல் டாக்டரா என்பது இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. தான் சொன்னதாகத்தான் மீன்கடைக்காரருக்கு ஞாபகம். சொன்ன கணமே வலி பாதி குறைந்ததும் ஞாபகம்.

டாக்டரம்மா புதிதாகத் திறந்த கிளினிக்கில், காத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண்ணாடித் தொட்டி வைக்க வந்த வளர்ப்பு மீன் கடைக்காரர் அவர். எட்டு ஜீப்ரா மீன்களை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, டாக்டர் மீனைப் பார்க்கவில்லை. அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஒரு பக்கம் வீங்கியிருக்கு? வாயைத் திறங்க... ஐயோ, கடைவாய்ப் பல் சொத்தை. எடுத்தே ஆகணும். ஒரு நிமிஷ வேலை."

மீன்கடைக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தொட்டியைக் காட்டினார்.

"இப்ப எப்படி டாக்டரம்மா? இது புதுத் தொட்டி. மீனோட கழிவு தண்ணியில விஷமா மாறும். அதைத் தின்னு தீர்க்கிற நல்ல கிருமி ஃபில்டர் பஞ்சுல வளர ஆறு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் நான் தினம் வந்து கால் தொட்டித் தண்ணி மாத்தணும். பல் எடுத்த வலியில கவனம் கொஞ்சம் சிதறினாலும் எட்டும் போயிடும்."

டாக்டர் உடனே தலையாட்டினார். ஒப்பந்தம் அப்படித்தான் முடிவானது.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு வருவார். குளோரின் வாடை போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விடுவார். மஞ்சளானால் தண்ணீர் சுத்தம். பச்சையானால் விஷம்.

"இன்னிக்கும் பச்சைதான் டாக்டரம்மா."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் சொல்வார். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் அடிப்பார்.

"ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டிருக்கீங்களே, போய்ப் பல்லை எடுத்துட்டு வந்தா என்ன?" என்பாள் மனைவி.

"தண்ணி இன்னும் பச்சையா இருக்குடி."

"உங்க பல்லுக்கும் தண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்?"

அதை அவர் விளக்கவில்லை.

ஆறு வாரம் போனது. எட்டு வாரமும் போனது. பச்சை மாறவில்லை. இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு பிடிவாதமான தண்ணீரை அவர் கண்டதில்லை. ஆனாலும் வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்வாரா?

ஒரு வியாழக்கிழமை, பச்சை வெளிறிப்போய் இருந்தது.

"லேசா மஞ்சளடிக்குதே..." என்றார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"அப்படியா?" என்றார் டாக்டர்.

இருவரும் அந்தக் குழாயையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவருமே சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போன்.

"அண்ணே, ஓடி வாங்க! எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளக்குது!"

ஓடினார். குழாயில் கரும்பச்சை. எட்டு மீன்களும் தண்ணீரின் விளிம்பில் மூச்சுக்குத் தவித்தன. பாதித் தண்ணீரை மாற்றினார். பையிலிருந்து கருத்து அழுக்கேறிய ஒரு பஞ்சை எடுத்தார். அவர் கடையில் ஆறு வருஷமாக ஓடும் தொட்டியின் ஃபில்டர் பஞ்சு. அதைப் புது ஃபில்டருக்குள் திணித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க டாக்டரம்மா. நல்ல கிருமி பூரா இந்தப் பஞ்சுலதான் இருக்கு. முதல் நாளே போட்டிருந்தா நாலே நாள்ல தண்ணி தேறியிருக்கும். பல்லுக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன். எட்டு உசிரைப் பணயம் வச்சிட்டேன், பாவி!"

டாக்டர் தொட்டி மேலிருந்த தீனி டப்பாவை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார்.

நான்காம் நாள், குழாயில் பளிச்சென்று மஞ்சள். மீன்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. மீன்கடைக்காரர் யாரும் கூப்பிடாமலே உள்ளே போய், பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை இறுக மூடினார்.

"எடுத்துடுங்க டாக்டரம்மா. இனிமே பயமில்லை."

வாயைப் பிளந்தபடி காத்திருந்தார். சத்தமே இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். டாக்டர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திட்டாதீங்க. காலேஜ்ல பல் எடுக்கும்போது பக்கத்துல புரொபஸர் நிப்பார். நான் தனியா எடுக்கப்போற முதல் பல்லே உங்களோடதுதான். தினம் நீங்க கிளம்பினதும், மீனுக்கு ரெண்டு சிட்டிகை தீனியை அதிகமா போட்டு அழுகவிட்டுத் தண்ணியைப் பச்சையாவே வச்சிருந்தது நான்தான். அன்னிக்கு லேசா மஞ்சளடிச்சதும், பயத்துல கை தாராளமாயிடுச்சு."

மீன்கள் எட்டும் பிழைத்தன. பல்லும் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. திறந்த வாயை மூடாமலே டாக்டருக்குக் கடைசிவரை தைரியம் சொன்னவர் மீன்கடைக்காரர்தான்.