குலுக்கலில் வந்த கையுறை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் இரண்டு முழங்கால்கள் மீதும் சத்தியம். எங்கள் டிரோல் மலையில் பெற்ற தாய் மீது பொய்ச்சத்தியம் செய்தவர்கள் உண்டு. முழங்கால் மீது செய்தவர் எவரும் இல்லை. முழங்கால் போய்விட்டால் பிறகு எதை வைத்துக்கொண்டு பனியில் சறுக்குவது?

நோட்புர்கா அம்மாளின் விடுதி மலை உச்சிக்குச் சற்றே கீழே, மேகத்துக்குப் பக்கத்து வீடு. அங்கே ஒரு வழக்கம். புதுப்பனி கொட்டி ஓய்ந்ததும் விருந்தாளிகள் ஆளுக்கொரு கையுறையைக் காலிச் சூப் பானையில் போட வேண்டும். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எந்தக் கையுறை வருகிறதோ, மறுநாள் காலை அதுதான் முதலில் இறங்கும். அது அடிவாரம் சேரும்வரை மற்றவர்களின் கையுறைகள் பானையிலேயே கிடக்கும். மற்றவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். யார் காலும் படாத பொடிப்பனியில் முதல் தடம் போடும் சுகத்துக்காகச் சொத்தை எழுதித் தரவும் எங்கள் பக்கம் ஆள் உண்டு.

அந்த முறை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூரைமேல் நடந்துபோன மான் ஒன்று புகைபோக்கி வழியாக எட்டிப் பார்த்து, சூப்பில் உப்புக் குறைவு என்று முகத்தைச் சுளித்தது. சத்தியம் செய்துவிட்டதால் இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பனி நின்ற மாலை, குலுக்கலில் ருப்பர்ட்டின் சிவப்புக் கையுறை வந்தது. ருப்பர்ட் இன்ஸ்ப்ருக்கில் பாலாடைக்கட்டி வியாபாரி. மீசை முளைத்த நாளிலிருந்து அந்த விடுதிக்கு வருகிறவர். மீசை நரைத்துவிட்டது, கையுறை ஒரு தடவைகூட வந்ததில்லை. மனிதர் அழுதேவிட்டார்.

"இனிமே செத்தாலும் கவலை இல்ல!"

"காலைல எறங்கிட்டு நிதானமா சாவுங்க. இப்ப சூப் ஆறுது" என்றார் நோட்புர்கா.

எல்லோரும் கைதட்டினார்கள், வென்டலினைத் தவிர. கிராட்ஸ் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வந்த அன்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவருடைய குரலும் அப்படித்தான் சொன்னது.

மறுநாள் காலை. பளீரென்று வெயில். சரிவு முழுக்கச் சலித்த மாவைப் பரப்பியதுபோல் பனி. ருப்பர்ட் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து நோட்புர்காவின் அலறல்.

"என் கல்யாண மோதிரத்தைக் காணோம்! மாவு பிசையக் கழட்டி ஜன்னல்ல வெச்சேனே!"

வென்டலின் எழுந்தார். "யாரும் அசையக் கூடாது. எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்க."

"சார், நான் இப்ப எறங்கணும்" என்றார் ருப்பர்ட்.

"ஓஹோ! திருடினவனும் அதைத்தானேய்யா சொல்லுவான்? முதல் ஆளா எறங்கலாம், அடிவாரம் சேர்ற வரைக்கும் பின்னால ஒருத்தரும் வரமாட்டாங்க. திருடனுக்கு இதைவிட வசதி வேணுமா?"

அறை முழுக்க ருப்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தது.

"அதான் நேத்து அந்த அழுகையா?" என்றார் சால்ஸ்பர்க் நர்ஸ் அடெலிண்ட்.

ருப்பர்ட்டின் முகம் அவர் கடையில் விலைபோகாத சரக்கின் நிறத்துக்கு மாறியது. பையைச் சோதித்தார்கள். ஒரு பாலாடைக்கட்டித் துண்டுதான் இருந்தது. வென்டலின் அதையும் மென்று பார்த்துவிட்டு, "உள்ள மோதிரம் இல்ல" என்று அறிவித்தார்.

பிறகு மற்ற எல்லோருடைய பூட்ஸையும் தன் அறைக்குள் போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ருப்பர்ட்டின் சிவப்புக் கையுறைகளைச் சாட்சிப் பொருள் என்று தன் கையிலேயே மாட்டிக்கொண்டார்.

"வெளியாள் யாராச்சும் வந்துட்டுப் போன தடம் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்."

போனார். சறுக்குப் பலகைகளை மாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நொடி சரிவில் ஒரே பாய்ச்சல்.

"மோதிரத்தோட ஓடுறான்!" என்று கத்தினார் அடெலிண்ட். "போலீசா இவன்? திருட்டுப்பய!"

துரத்தலாமென்றால் யாருக்கும் பூட்ஸ் இல்லை. நோட்புர்கா அடிவாரப் போலீசுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது.

"ஆளைப் பிடிச்சாச்சும்மா" என்றார் கான்ஸ்டபிள் லியோன்ஹார்ட். "சாக்ஸ் வரைக்கும் உதறிப் பாத்துட்டேன், மோதிரம் இல்ல. போலீசும் இல்ல, பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவராம். மீசையெல்லாம் பனி. சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு."

அதே சமயம் அடெலிண்ட் பானையில் கைவிட்டு வென்டலினின் கையுறையை எடுத்து உதறினார். அதன் கட்டைவிரலுக்குள்ளிருந்து மோதிரம் உருண்டு விழுந்தது.

"மோதிரம் கிடைச்சுடுச்சுங்க" என்றார் நோட்புர்கா, போனில்.

"அப்ப என்னதாம்மா திருடு போச்சு?"

நோட்புர்கா ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ருப்பர்ட். வெளியே, விடுதி வாசலிலிருந்து அடிவாரம்வரை வளைந்து வளைந்து ஒரே ஒரு கோடு.

"ருப்பர்ட்டோட முதல் தடம்."

லியோன்ஹார்ட்டும் அந்த மலையில் பிறந்தவர்தான்.

"கொலைகாரப் பாவி! விடமாட்டேம்மா, உள்ள தள்ளுறேன்... ஆமா, இவர் மாட்டியிருக்கிற செவப்புக் கையுறை யாரோடது?"

"ருப்பர்ட்டோடது. குலுக்கல்ல வந்ததே அதுதான்."

"அடடா! அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா. உங்க வழக்கப்படி கையுறைதானே முதல்ல எறங்கணும்? அது எறங்கிடுச்சே!"

என் முழங்கால்கள் இரண்டும் இப்போது உலோகம்; அசலை இன்ஸ்ப்ருக் ஆஸ்பத்திரியில் எப்போதோ எடுத்துவிட்டார்கள்.