பல்லில் மெலிந்த வளையங்கள்

மரத்தில் இருப்பதைப் போலப் பல்லின் வேரிலும் வருடத்துக்கு ஒரு வளையம் படிகிறது. கருவி அவற்றை இரண்டே நிமிடத்தில் எண்ணி முடித்துத் திரையில் காட்டியது: இறந்தபோது வயது இருபத்திரண்டு.

மூடிய கல்குவாரியில் கிடைத்த எலும்புகள் இசக்கிராஜாவுடையவை என்று நேற்றே உறுதியாகியிருந்தது. அவன் காணாமல் போனது பதினான்கு வயதில். எதிரே அவனுடைய அம்மா பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். கருவி காட்டும் எதையும் உறவினரிடம் மறைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதை எழுதியவர் இந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"இருபத்திரண்டா? சரியாப் பாருங்க டாக்டரம்மா. மக கல்யாணம் தடைபடக் கூடாதுன்னு, அவன் போன மூணாம் வருசமே கருமாதி முடிச்சிட்டோம். போலீஸ்லயும் தேடுறத நிறுத்திட்டாங்க."

இன்னொரு பல்லை வைத்தேன். அதே இருபத்திரண்டு.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "கடைசி வளையமெல்லாம் நூல் மாதிரி இருக்கே, ஏன்?"

"சாப்பாடு சரியாக் கிடைக்கலம்மா."

பேச்சியம்மாள் பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை விரல்விட்டு எண்ணினார். அழவில்லை.

"அமாவாசை தவறாம அவனுக்குப் பிடிச்சத ஆக்கி இலையில வச்சேன். காக்கா வந்து எடுத்ததும், பிள்ள பசியாறிட்டான்னு நெனச்சு நான் சாப்பிட உக்காருவேன்."