பத்திலிருந்து ஒன்று வரை

காப்பகத்தில் அடங்காத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு ரோஸ்லின்தான் பொறுப்பு. பிள்ளை கொந்தளித்தால் தள்ளி நின்று பத்திலிருந்து ஒன்று வரை மெதுவாக எண்ணுங்கள், தானாக அடங்கிவிடும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பிள்ளைகள் கடித்தது, உடைத்தது எல்லாம் அந்தந்த ஊழியர் பெயருக்கு நேரே சுவர் அட்டவணையில் ஏறும். குமரவேல் பெயருக்கு நேரே மூன்று மாதமாக ஒன்றுமே ஏறவில்லை. போன வாரக் கூட்டத்தில் அவனுக்குக் கைதட்ட வைத்திருந்தாள். எப்படித்தான் செய்கிறான் என்று பார்க்க, இன்று சொல்லாமல் போய் அவன் அறை வாசலில் நின்றாள். ஒன்பது வயது செண்பகம் நாற்காலியை உதைத்துத் தள்ளினாள். "பத்து," என்றான் குமரவேல், தாலாட்டுகிற குரலில். அறையே அடங்கிப்போனது. ஏழு என்றபோது மற்ற பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாலு என்றபோது செண்பகம் சட்டைக் கையைத் தானே முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை நீட்டினாள். "ரெண்டு" என்றவன் ரோஸ்லினைப் பார்த்துவிட்டான். "வாங்க மேடம்," என்று சிரித்தான். நீட்டிய கையை மடக்காமல், கண்ணை இறுக்க மூடியபடியே செண்பகம் சொன்னாள்: "சார், இன்னும் ஒண்ணு சொல்லலையே."