வடியாத வெள்ளம்

"அக்கா, இன்னுமா வெள்ளம் வடியல?" என்று கேட்டுவிட்டு, காரைக்கால் பேருந்து நிலையத்தில் அம்மாவோடு பேருந்தில் ஏறுகிறது ஒரு குழந்தை. சுஹைனா கையிலிருக்கும் தகர உண்டியலைத் திருப்பிப் பார்க்கிறாள். நேபாளத்தில் நடக்கும் உலகத் தன்னார்வலர் மாநாட்டுக்குப் போகத்தான் அவள் பணம் திரட்டுகிறாள். உண்டியலிலோ போன மழைக்காலத்தில் ஒட்டிய 'வெள்ள நிவாரணம்' தாள் கிழிக்கப்படாமல் இருக்கிறது. வெயில் சுடுவதைவிட வெட்கத்தில் முகம் அதிகமாகச் சுடுகிறது. சற்று முன்பு, இறைவன் பெயரால் தொடங்க அவள் பிஸ்மி சொல்லி நீட்டிய உண்டியலில் முதல் ஆளாக மீன்காரம்மா, செதில் ஒட்டிய இருபது ரூபாயைப் போட்டிருந்தார். "எங்க வூட்லயும் தண்ணி நின்னுச்சு பாப்பா. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்." இப்போது அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், அவரது மீன்கூடை மட்டும் வேப்பமர நிழலில் இருக்கிறது. சுஹைனா தாளைக் கிழிக்கிறாள். உண்டியலைத் திறந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், கூடையைக் கொத்த வந்த காக்கையை விரட்டிவிட்டு, மேலே போர்த்திய ஈரச்சாக்கின் மடிப்பில் செருகுகிறாள். பார்க்க அங்கே யாருமில்லை.