கரடியும் பிறரும்

முள் குத்திய புண்ணை எந்த இலை ஆற்றும் என்று மூன்று வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தது அணில். ஆராய்ச்சி நடந்த குகை கரடியுடையது. இடம் கொடுத்தவர் பெயர்தான் முதலில் வரவேண்டும், மற்றவர்கள் எல்லாம் வெறும் 'பிறர்' என்பது அந்தக் காட்டு வழக்கம். ஆகவே கட்டுரை 'கரடியும் பிறரும்' எழுதியதாக வெளிவந்தது.

இருநூறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. கரடிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தன் பெயர் இருந்த முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியது. மிச்சப் பக்கங்களில் பலாச்சுளை வைத்துத் தின்றது. பெயர் வராத அணிலுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. அது காட்டை விட்டே போய்விட்டது.

ஒருநாள் கரடியின் காலில் முள் ஏறிச் சீழ் வைத்தது. நொண்டிக்கொண்டே ஆந்தையிடம் போனது.

"ஆந்தையாரே, என் கட்டுரையை ஒன்பது தடவை மேற்கோள் காட்டினீர்களே, அது என்ன இலை?"

"மேற்கோள்தானே காட்டினேன், படித்தேன் என்றா சொன்னேன்?" என்றபடி ஆந்தை தன் ஒன்பது கட்டுரைகளையும் புரட்டியது. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'இலையின் பெயருக்குக் கரடியைப் பார்க்கவும்.'

கரடி வீங்கிய காலைத் தடவிக்கொண்டது.

"அந்தப் பிறரில், முதுகில் மூன்று கோடு போட்ட ஒருத்தர் இருந்தாரே... அவர் பெயர் என்ன?"