சின்னக் காரின் விக்கல்

பட்டறை வாசலில் சின்னக் கார் விக்கி விக்கி உறுமுகிறது; கண்ணாடியில் தொங்கும் பொம்மையும் கூடவே தலையை ஆட்டுகிறது. மசக்கையில் வாடிப்போனவள், நிழலில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குகிறாள். "பிளக் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?" என்று புருஷன் பொருமுகிறான். மெக்கானிக் பின்பக்கம் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகுகிறார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. கொஞ்ச நேரத்தில் விக்கல் நின்று இன்ஜின் சமர்த்தாக ஓடுகிறது, பொம்மையும் அடங்குகிறது. அவர் கையிலிருக்கும் மூடியைச் சுற்றி மடித்து வைத்த பிளாஸ்டிக் பை, அதை இறுக்கியபடி அவள் தேடித் தேடி அலுத்த ஊதா நிற ரப்பர் பேண்ட். "யாரு தம்பி இப்படிக் கட்டினது? காத்து போக வழியில்லாம டேங்க் மூச்சு முட்டிக் கிடக்கு. பெட்ரோல் எப்படி வரும்?" அவன் காதுமடல் சிவக்கிறது. "இவளுக்கு பெட்ரோல் வாசனை பட்டாலே குமட்டுதுண்ணே. அதான்..." மெக்கானிக் இரண்டையும் உருவிக் குப்பையில் போடப் போகிறார். "ரப்பர் பேண்டை மட்டும் குடுங்கண்ணே," என்று அவள் கை நீட்டுகிறாள். வாங்கி, அவிழ்ந்த கூந்தலை அள்ளிக் கட்டுகிறாள். குப்பென்று பெட்ரோல் நெடி. குமட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் அவள் அதை அவிழ்ப்பதாக இல்லை.