ஆயிரத்தெண்ணூறு மைல்

அழகம்மையின் கணவன் தெய்வநாயகம் அன்று காலை சிங்கப்பூரில் விமானம் ஏறிவிட்டதாகத் தந்தி வந்தது.

"மதராசுக்கு ஆயிரத்தெண்ணூறு மைலு, அக்கா. அந்திக்குத்தான் பிளேன் எறங்கும். பொறவு ரயிலு, பஸ்ஸு. அத்தான் பூதப்பாண்டி வந்துசேர மூணு நாளாவும்," என்று சொல்லிவிட்டுத் தம்பி வயலுக்குப் போனான்.

மத்தியானம் அவள் துணி உலர்த்தப் புறவாசலுக்கு வந்தாள். கிணற்றடியில் தெய்வநாயகம் நின்றிருந்தான். கையில் பெட்டி இல்லை. சட்டை கசங்கவில்லை.

"உள்ள வாங்க."

"தலையில தண்ணி கோரி ஊத்து. துஷ்டிக்குப் போயிட்டு வாறேன்."

சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் படியேறுவதில்லை. அவள் வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

"எந்த வீட்டுத் துஷ்டி?"

அவன் கிழக்கே வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"பிளேன் கடல்ல விழ இன்னும் ஒரு மணிக்கூர் கெடக்கு," என்றான்.